கடலோரத்தில் வீடு: கான்கிரீட் விஷயத்தில் விதி எதைக் கேட்கிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீலாங்கரைப் பக்கம், கடற்கரையிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி, தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டத் தொடங்கியிருக்கிறீர்கள். சுயசான்று முறையில் கட்டட அனுமதி வாங்கியாயிற்று. அஸ்திவாரக் குழி தோண்டும் வேலை நடக்கிறது. ‘ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு போதும், காலம் காலமாக அதைத்தான் போடுகிறோம்’ என்கிறார் மேஸ்திரி; சிமென்ட், மணல், ஜல்லி சேரும் விகிதம் அது. எம்25, அதாவது 28ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அழுத்தம் தாங்கும் தரக் கான்கிரீட், போட வேண்டும் என்கிறார் பொறியாளர். இருவரில் யார் சொல்வது விதிப்படி சரி, மாநகராட்சியிலிருந்து யாராவது வந்து கான்கிரீட்டைச் சோதிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள்ளேயே இன்னொன்றும் அடங்கியிருக்கிறது: யாரும் வந்து பார்க்கப்போவதில்லை என்றால், போட்ட கான்கிரீட் விதிக்கு உட்பட்டதுதான் என்று வீட்டுக்காரர் எதை வைத்து நம்புவது? கட்டுமானப் பொறியாளராகக் கடலோர வீடுகளைக் கட்டியும், துருப்பிடித்து உதிர்ந்த வீடுகளைப் பழுது பார்த்தும் வந்திருப்பவன் என்ற முறையில் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

பொறியாளர் சொல்வதுதான் சரி. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்த விதி உங்கள் கையில் இருக்கும் அனுமதிக் கடிதத்தில் விரிவாக எழுதப்பட்டிருக்காது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பெரும்பாலும் செட்பேக் (மனை எல்லையிலிருந்து விட வேண்டிய காலியிடம்), உயரம், தளப்பரப்புக் குறியீடு, வாகன நிறுத்தம், மழைநீர் சேகரிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசுகின்றன. கட்டடத்தின் உறுதியைப் பொறுத்தவரை தேசியக் கட்டட விதித்தொகுப்பையும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் நெறிமுறைகளையுமே பின்பற்ற வேண்டும். வீட்டுக் கான்கிரீட்டுக்கு அதில் முதன்மையானது 2000ஆம் ஆண்டுப் பதிப்பான ஐ.எஸ். 456. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாமல் கட்டப்படும் வீட்டுக்கு, விண்ணப்பதாரர் அளிக்கும் உறுதிமொழியின் பேரில் உடனடியாக அனுமதி கிடைத்துவிடுகிறது. சிறிய குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்றிதழ் வாங்குவதிலிருந்தும் விலக்கு உண்டு. ஆக, உங்கள் ரூஃப் கான்கிரீட் போடும் அன்று அரசு அலுவலர் எவரும் வந்து நிற்கப்போவதில்லை. இதனால் விதி தளர்ந்துவிட்டது என்று மேஸ்திரிகள் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில், விதி நிறைவேறுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையிலும் கையெழுத்திட்ட பொறியாளர் தலையிலும் வந்து இறங்கியிருக்கிறது. இடையே ஒரு வார்த்தை: உயர் ஓத எல்லையிலிருந்து (கடல் நீர் ஏறும்போது எட்டும் கோட்டிலிருந்து) 500 மீட்டருக்குள் வரும் மனைகளுக்கும், ஓதம் ஏறி இறங்கும் கால்வாய், கழிமுகக் கரையோர மனைகளுக்கும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை தனியே பொருந்தும். முக்கால் கிலோமீட்டர் என்று கண்ணளவில் சொல்லாமல், வரைபடத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இனி எம்25 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கான்கிரீட் எந்தச் சூழலில் நிற்கப்போகிறது என்பதை வைத்து ஐ.எஸ். 456 ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. வெயில் மழை படாத உட்புறக் கான்கிரீட் மிதமான முதல் நிலையில் வரும். அதற்குக் குறைந்தபட்சம் எம்20, கன மீட்டருக்கு 300 கிலோ சிமென்ட், நீர்–சிமென்ட் விகிதம் (தண்ணீரின் எடையைச் சிமென்ட்டின் எடையால் வகுத்தால் வருவது) 0.55 வரை. கடலோரப் பகுதியில் இருப்பவற்றை அந்த முதல் நிலையிலிருந்து விதியே வெளிப்படையாக விலக்கிவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் ஊரில் படுக்கையறைக்குள் இருக்கும் பீம்கூட இரண்டாம் நிலைக்கு வந்துவிடும்: எம்25, விகிதம் 0.50க்கு மேல் போகக்கூடாது, கம்பிக்கு வெளியே 30 மி.மீ. கான்கிரீட் உறை வேண்டும். கடற்காற்று நேராகப் படும் பரப்புகள் மூன்றாம் நிலை. அங்கே எம்30, 320 கிலோ சிமென்ட், விகிதம் 0.45, உறை 45 மி.மீ. கடலிலிருந்து எத்தனை மீட்டர் வரை இரண்டாம் நிலை, எங்கிருந்து மூன்றாம் நிலை என்று விதி தூரக் கணக்கு சொல்லவில்லை. அதைப் பொறியாளர்தான் காற்றின் போக்கையும், இடையில் இருக்கும் கட்டடங்களையும், அக்கம்பக்கத்துப் பழைய வீடுகளின் நிலையையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். முக்கால் கிலோமீட்டரில், உள்ளே எம்25, வெளியே தெரியும் தூண், சன்ஷேட், பால்கனி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஆகியவற்றுக்கு எம்30 என்பதே என் தேர்வாக இருக்கும்; இது என் மதிப்பீடு, இன்னொரு பொறியாளர் வேறுவிதமாகச் சொன்னால் அவர் காரணத்தைக் கேளுங்கள்.

மேஸ்திரியின் 1:2:4 வழக்கமாக எம்15க்குச் சமமாகக் கருதப்படுவது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எந்தச் சூழலிலும் எம்20க்குக் கீழே விதி அனுமதிப்பதில்லை. எனவே அது உங்கள் ஊரில் மட்டுமல்ல, திருச்சியில் கட்டினாலும் விதிக்குப் புறம்புதான். ‘அப்படியானால் 1:1:2 போடுவோம், அது எம்25 ஆயிற்றே’ என்று அடுத்துச் சொல்வார்கள். அதுவும் செல்லாது. விகிதம் சொல்லிப் போடும் கலவையை எம்20 வரைதான் விதி ஏற்கிறது. எம்25 என்றால், நீங்கள் வாங்கும் அதே ஜல்லி, அதே எம்-சாண்ட், அதே சிமென்ட் மூன்றையும் ஓர் ஆய்வகத்தில் கொடுத்து, ஐ.எஸ். 10262 முறையில் கலவை வடிவமைத்து வாங்க வேண்டும். அல்லது ஆலையிலேயே கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் வாங்க வேண்டும். எம்25க்கு வடிவமைக்கும்போது இலக்கு வலிமை சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 31.6 நியூட்டன் என்று வைத்துத்தான் கணக்கிடுவார்கள். தளத்தில் நேரும் ஏற்ற இறக்கத்துக்கான இடைவெளி அது. பூச்சுக்கென்று வரும் பி-சாண்டைக் கான்கிரீட்டில் கலக்க விடாதீர்கள். லோடு இறங்கும்போதே பில்லைப் பாருங்கள்.

ஆனால் சிமென்ட்டைவிட அதிகமாகக் கெடுப்பது தண்ணீர்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1:2:4 கலவையைச் சரியாக அளந்து போட்டால் கன மீட்டருக்கு முந்நூறு கிலோவுக்குக் குறையாத சிமென்ட் இருக்கும்; அதாவது இரண்டாம் நிலைக்கு விதி கேட்கும் குறைந்தபட்ச சிமென்ட் அதிலும் உண்டு. பிறகு ஏன் அது எம்25 ஆவதில்லை? கலவை மிஷின் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் தெரியும். ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ, விகிதம் 0.50 என்றால் அதற்கு மொத்தத் தண்ணீர் 25 லிட்டர். அந்த மூட்டையோடு சேரும் நூறு கிலோ மணலில் ஐந்து சதவீதம் ஈரம் இருந்தால் 5 லிட்டர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. ஊற்ற வேண்டியது 20 லிட்டர், அதாவது ஒரு பெரிய பெயிண்ட் வாளி. மிஷின் ஓட்டுபவர் ஒன்றே முக்கால் வாளி ஊற்றுவார். மேலே பரப்புகிற ஆள் ‘தண்ணி விடு’ என்று குரல் கொடுத்தால் இன்னும் ஒரு சொம்பு சேரும். விகிதம் 0.80ஐத் தொடும்போது எத்தனை மூட்டை கொட்டினாலும் எம்25 வராது. கலவை இளக வேண்டுமென்றால் அதற்குத் தண்ணீர் விடக்கூடாது, ஐ.எஸ். 9103க்கு உட்பட்ட பிளாஸ்டிசைசரை, கலவை வடிவமைப்பில் சொன்ன அளவில் சேர்க்க வேண்டும். மணல் ஜல்லியைப் பாண்டு கணக்கில் போடாமல் எடை போட்டுச் சேர்ப்பதே விதி. எடை போட வழியே இல்லாத இடத்தில், 35 லிட்டர் அளவுப் பெட்டியாவது இருக்க வேண்டும்.

தண்ணீரின் அளவைப் போலவே அதன் தன்மையும் உங்கள் ஊரில் முக்கியம். கம்பிக் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அமில காரக் குறியீடு 6க்குக் குறையக்கூடாது. கடலோர போர்வெல் தண்ணீர் இந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். வேலை தொடங்கும் முன் ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். தாண்டியிருந்தால், கலப்பதற்கு மட்டுமின்றி நீராற்றுவதற்கும் (போட்ட கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பதற்கும்) லாரித் தண்ணீர்தான். குழி திறந்திருக்கும் இந்தச் சமயத்திலேயே மண்ணிலும் நிலத்தடி நீரிலும் குளோரைடு, சல்பேட் எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும். ஃபுட்டிங்குக்கு (தூணின் அடியில் போடும் அஸ்திவாரக் கான்கிரீட்டுக்கு) எந்த நிலை பொருந்தும் என்பதை அந்த அறிக்கைதான் தீர்மானிக்கும். உப்பு இருக்கிறது என்றதும் சல்பேட் தாங்கும் சிமென்ட்டை வாங்கச் சொல்பவர்கள் உண்டு. குளோரைடும் சேர்ந்திருக்கும் இடத்தில் அது நல்ல தேர்வன்று. இரும்பாலைக் கசடு கலந்த சிமென்ட் அல்லது பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த சிமென்ட்) அங்கே நன்றாகத் தாங்கும்.

அடுத்தது உறை. கடலோர வீடுகளில் நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை கலவையைவிட உறையினால் வந்தவை. பழைய வீட்டுச் சன்ஷேட்டின் அடியை அண்ணாந்து பாருங்கள்: கம்பி ஓடும் தடத்திலேயே கோடு கோடாக வெடிப்பு, அதன் ஓரங்களில் செம்பழுப்புக் கறை, ஓரிடத்தில் பொருக்கு விழுந்து 8 மி.மீ. கம்பி பென்சில் முனைபோல மெலிந்து தெரியும். உதிர்ந்த துண்டை அளந்தால் பத்து மி.மீ.கூட இருக்காது. சன்ஷேட்டின் முதன்மைக் கம்பி மேற்பகுதியில் இருக்க வேண்டியது. கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்ததில் அது அடிப்பலகைக்கே இறங்கியிருக்கும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 15, 20 மி.மீ. கவர் பிளாக்குகள் (உறைக்கான இடைவெளி விடக் கம்பிக்கு அடியில் வைக்கும் கட்டைகள்) முதல் நிலைச் சூழலுக்கானவை. உங்களுக்குத் தளத்துக்கும் பீமுக்கும் 30, தூணுக்கு 40, ஃபுட்டிங்குக்கு 50 மி.மீ. குறைந்தபட்சம் வேண்டும், மூன்றாம் நிலையில் வரும் பாகங்களுக்கு 45. விதியில் உறை 10 மி.மீ. வரை கூடலாம், ஒரு மி.மீ.யும் குறையக்கூடாது. கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டை வைப்பதை அனுமதிக்காதீர்கள். அதே தரக் கான்கிரீட்டில் செய்த பிளாக்குகளை மீட்டருக்கு ஒன்றாவது வைத்து, மேல் கம்பிகளுக்குக் கம்பி நாற்காலிகள் கொடுத்து, ஆட்கள் நடக்கப் பலகை போட வேண்டும். ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்களாகவே 30 மி.மீ. பிளாக் வாங்கி வைத்துவிடாதீர்கள். 125 மி.மீ. தளத்தில் உறை 20இலிருந்து 30 ஆகும்போது கம்பியின் பயனுறு ஆழம் (தளத்தின் மேற்பரப்பிலிருந்து கம்பியின் மையம் வரை உள்ள ஆழம்) சுமார் 101 மி.மீ.யிலிருந்து 91க்குக் குறைகிறது. தளத்தின் தாங்குதிறனும் அதற்கேற்பக் குறையும். எந்த உறையை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று பொறியாளரிடம் கேளுங்கள். வரைபடத்தில் 20 என்று இருந்தால், தளத்தின் கனமும் கம்பியும் மறுபடி கணக்கிடப்பட வேண்டும்.

தூண்களைப் பற்றியும் ஒன்று. 2002ஆம் ஆண்டு நிலநடுக்க வரைபடத்தில் சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அந்த மண்டலத்தில் தூண்–பீம் சட்டகமாகக் கட்டும் வீட்டுக்கு ஐ.எஸ். 13920 பொருந்தும். அதன் 2016 பதிப்பின்படி தூணின் எந்தப் பக்கமும் 300 மி.மீ.க்குக் குறையக்கூடாது. ஒன்பதங்குலச் சுவருக்குள் தூண் மறைய வேண்டும் என்பதற்காக 230 மி.மீ. அகலத்தில் போடும் வழக்கம் இந்த விதியோடு ஒத்துப்போகாது. தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களின் கொக்கி 135 பாகை வளைந்து தூணின் உள்ளே போக வேண்டும். 90 பாகையில் மடித்துவிட்டால் அதிர்வில் வளையம் திறந்துகொள்ளும். பீமும் தூணும் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் 450 மி.மீ.க்குக் குறையாத நீளத்துக்கு வளையங்களை நெருக்கிக் கட்ட வேண்டும், 300 மி.மீ. தூணுக்கு அந்த இடைவெளி 75 மி.மீ. அளவில் வரும். செங்கல் சுவரே பாரம் தாங்கும் வீடாக இருந்தால் இந்தப் பத்தி உங்களுக்குப் பொருந்தாது.

ரெடிமிக்ஸ் வாங்கினால் கலவைச் சிக்கல் பாதி தீரும், மீதிப் பாதி வாசலில் நிற்கும். லாரியோடு வரும் சீட்டில் தரம், சிமென்ட் வகை, ஏற்றிய நேரம் மூன்றையும் பாருங்கள். தாமதப்படுத்தும் சேர்மானம் இல்லாவிட்டால் ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும். பம்பில் போகவில்லை என்று டிரம்முக்குள் தண்ணீர் பிடித்துவிட யாராவது முனைந்தால் தடுத்துவிடுங்கள்.

நீராற்றுவதில், சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு ஏழு நாள், கலப்புச் சிமென்ட்டுக்குப் பத்து நாள் என்பது விதியின் அடிமட்டம். வெப்பமும் வறட்சியுமான காலத்தில் அது முறையே பத்தும் பதினான்குமாகும். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பி.பி.சி. என்பதால், சென்னை வெயிலில் பதினான்கு நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது எல்லோரும் செய்வதுதான். தூணுக்கு ஈரச் சாக்கு சுற்றுவதைத்தான் மறந்துவிடுகிறார்கள். முட்டு பிரிக்க, 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21 நாள். இவை சாதாரண சிமென்ட்டுக்கான கணக்கு. பி.பி.சி. மெதுவாக இறுகும் என்பதால் நான் இன்னும் சில நாள் விட்டுத்தான் பிரிக்கச் சொல்வேன். சென்ட்ரிங் வாடகை ஏறுகிறது என்று அவசரப்படுத்துவார்கள். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

யாரும் வந்து சோதிக்காத நிலையில் நீங்கள் எதை வைத்து நம்புவது என்பதற்கு வருகிறேன். முதல் சான்று க்யூப் சோதனை, அதாவது கான்கிரீட்டைக் கன சதுரக் கட்டிகளாக வார்த்து நசுக்கி வலிமை பார்ப்பது. கான்கிரீட் 5 கன மீட்டர் வரை என்றால் ஒரு மாதிரி, 6 முதல் 15 வரை இரண்டு, 16 முதல் 30 வரை மூன்று என்று விதி சொல்கிறது. ஒரு மாதிரி என்பது 150 மி.மீ. க்யூப் மூன்று. ஆயிரம் சதுர அடித் தளம் 125 மி.மீ. கனத்தில் ஏறக்குறைய 11.6 கன மீட்டர். பீம்களையும் சேர்த்தால் பதினைந்தை ஒட்டி வரும். ஆகவே ஒரு ரூஃபுக்கு ஆறு முதல் ஒன்பது க்யூப் வரை 28ஆம் நாள் சோதனைக்கு வேண்டும். ஏழாம் நாள் சோதனைக்குத் தனியாக எடுக்கலாம், ஆனால் அது முன்னறிவிப்பு மட்டுமே. மாதிரியைக் கொட்டும் இடத்தில், வேலையின் நடுவில் எடுக்க வேண்டும். மேஸ்திரி அதற்கென்று தனியாகக் கெட்டியாகக் கலந்து தருவது சோதனையே ஆகாது. எம்25க்கு, தொடர்ச்சியான நான்கு மாதிரிகளின் சராசரி 28 நியூட்டனுக்குக் குறையக்கூடாது, எந்த ஒரு மாதிரியும் 22க்குக் கீழே போகக்கூடாது. ஒரு வீட்டின் ஒரு தளத்தில் நான்கு மாதிரி சேர்வதே அரிது என்பதால், இந்தச் சராசரிக் கணக்கு உங்களுக்கு முழுமையாக உதவாது. ஒவ்வொரு மாதிரியும் 25ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பது நடைமுறைக்கு ஏற்ற வழி. க்யூப் தேறினாலும், தளத்தில் சரியாக வைப்ரேட்டர் போட்டார்களா, நீராற்றினார்களா என்பதை அது சொல்லாது. அதற்குக் கான்கிரீட் கொட்டும் முன்பே, டேப்பை வைத்துக் கம்பி இடைவெளியும் கவர் பிளாக்கும் தெரியும்படி எடுத்த படங்கள் வேண்டும். பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம், கலவை வடிவமைப்பு அறிக்கை, சிமென்ட், கம்பிக்கான சான்றுகள், ரெடிமிக்ஸ் சீட்டுகள் இவற்றோடு சேர்த்து ஒரு கோப்பில் வையுங்கள். நாளை வீட்டை விற்கும்போதும், ஏதாவது வழக்கென்று வந்தாலும், விதிப்படி கட்டினேன் என்று நீங்கள் எடுத்துக்காட்டக்கூடியது இந்தக் கோப்புதான்.

க்யூப் தேறாவிட்டால் உடனே இடிக்க வேண்டும் என்பதில்லை. சுத்தியல் போன்ற கருவியால் தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் சோதனையில் மட்டும் முடிவெடுத்துவிடாதீர்கள். அதில் வலிமை மதிப்பீடு 25 சதவீதம் வரை கூடவோ குறையவோ தவறலாம், பலவீனமான இடம் எது என்று தேடுவதற்கு மட்டும் அது பயன்படும். அந்த இடங்களில் குறைந்தது மூன்று கோர் (துளையிட்டு வெட்டும் உருளைத் துண்டுகள்) எடுக்க வேண்டும். அவற்றின் சராசரி குறித்த தரத்தில் 85 சதவீதத்தையும், ஒவ்வொன்றும் 75 சதவீதத்தையும் எட்டினால் விதி அந்தக் கான்கிரீட்டை ஏற்றுக்கொள்கிறது. எட்டாவிட்டால் வலுவூட்டுவதா, பாரத்தைக் குறைப்பதா, எடுத்துவிட்டு மறுபடி போடுவதா என்பதைக் கட்டமைப்புக் கணக்கைப் பார்க்காமல் தொலைவிலிருந்து எவராலும் சொல்ல முடியாது. கோர் எடுக்கும் இடத்தைக் கம்பி வெட்டுப்படாதபடி பொறியாளரே குறித்துத் தரட்டும். முடிவு வரும்வரை அந்தத் தளத்தின் முட்டைப் பிரிக்கவும் வேண்டாம், அதன் மேல் செங்கல் ஏற்றவும் வேண்டாம்.